நிலாவெளியிலிருந்து புறாமலைக்கு ஸ்நோர்க்கலிங்: வழிகாட்டிக்கு முழுப் புள்ளி, படகுக்குப் பாதி

ஓகஸ்ட் விடுமுறையில், மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி மிதந்தபடி முருகைக்கல்லை (பவளத்தை) பார்க்கவென்று, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருகோணமலைப் பக்கமுள்ள புறாமலைத் தீவுக்குப் போய்வந்தோம். நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவுதான், படகில் ஏறி உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் தீவு வந்துவிடும். வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச் சீட்டு தனி, படகுக் கூலி தனி, மாஸ்க் வாடகை தனி என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தீவில் இறங்கினால் கால் வைக்கும் இடமெல்லாம் செத்த முருகைக்கல் துண்டுகள், செருப்பில்லாமல் நடக்க முடியாது. எங்களோடு வந்த வழிகாட்டித் தம்பி உடனே தண்ணீரில் இறங்கவிடவில்லை. ஒரு துண்டை எடுத்து மகளின் கையில் கொடுத்து, அதிலிருக்கும் சின்னச் சின்னக் குழிகளைத் தடவிப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு குழியிலும் ஒரு பொலிப் குடியிருந்திருக்கிறது, கடல்நீரிலிருந்து கல்சியத்தை எடுத்துத் தனக்குக் கீழே சுண்ணாம்புக் கிண்ணம் கட்டுகிற பிராணி. அதன் உடம்புக்குள் நுண்ணிய பாசி வாழ்கிறது. வெயிலை வாங்கிச் சாப்பாடு செய்து கொடுப்பது அந்தப் பாசிதான், பொலிப்புக்கு வேண்டிய சக்தியில் 90 சதவீதம் வரைக்கும் அதனிடமிருந்து கிடைக்கலாம். கடல் சூடேறினால் பாசி வெளியேறி முருகை வெளுத்துப் போகும். 1998இல் தெற்கே ஹிக்கடுவையில் ஆழம் குறைந்த இடங்களில் பெரும்பாலான முருகைகள் அப்படி வெளுத்துச் செத்தன, திருகோணமலைப் பக்கம் பெரிதாக அடிபடாமல் தப்பியது. பார்த்துவிட்டுத் துண்டை எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னார்.

"கல்லு எப்படி அண்ணா குட்டி போடும்?" என்று மகள் கேட்டாள். இந்த ஒரு கேள்விக்கு அவர் சொன்ன பதிலுக்காகவே கொடுத்த காசு தகும்.

ஒரு பொலிப் பக்கத்தில் மொட்டு விட்டு இன்னொன்றாகும், அப்படித்தான் கூட்டம் பெருகும். கிளை ஒடிந்து விழுந்தாலும் பிடிமானம் கிடைத்தால் அந்தத் துண்டு தனியாக வளரும். ஆனால் புதுக் குடும்பம் பிறப்பது வேறு விதம். மான்கொம்பு போலக் கிளைவிடும் முருகைகளில் ஒரே பொலிப்புக்குள் முட்டையும் விந்தும் சேர்ந்து சின்ன உருண்டையாகும். வருடத்தில் சில இரவுகள் மட்டும், பல இடங்களில் முழுநிலவு கழிந்த சில நாட்களில், சுற்றியிருக்கிற கூட்டங்களெல்லாம் ஒன்றாக உருண்டைகளை விடும். அவை மேலே மிதந்து வந்து உடையும். தன் விந்து தன் முட்டையோடு சேருவது அரிது, அதனால் அக்கம்பக்கத்துக் கூட்டமும் அதே நேரத்தில் விட்டால்தான் கரு உண்டாகும். அவுஸ்திரேலியாவின் பெரும் தடுப்புப் பவளத்திட்டில்கூட இந்தக் கூட்டு இனப்பெருக்கத்தை 1980களின் தொடக்கத்தில்தான் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்களாம். குஞ்சு நாட்கணக்கில் நீந்தி, சுத்தமான கல்லாகப் பார்த்து ஒட்டும், இளஞ்சிவப்புப் பாசி படர்ந்த கல் என்றால் இன்னும் விருப்பம். அப்போது அதன் அகலம் ஒரு மில்லிமீட்டர் அளவு. அது வளர்ந்து தானே முட்டை விட மூன்று, நான்கு வருடமாவது வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தண்ணீருக்குள் தலையை வைத்தபோது எனக்கு நெஞ்சு வலித்தது. ஏழெட்டுப் படகு ஆட்களை ஒரே ஆழமற்ற இடத்தில் இறக்கிவிட்டிருந்தார்கள். நீச்சல் தெரியாதவர்கள் களைத்துப்போய் முருகையின் மேலேயே ஏறி நின்றார்கள். எங்கள் வழிகாட்டித் தம்பி மட்டும் "அது கல்லில்லை, உசிர், இறங்குங்க" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார், படகோட்டிகள் யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் படகோட்டியிடம் சொன்னேன். "சனம் கூட, என்ன செய்யிறது அக்கா" என்றார். ஒடிந்த துண்டு எல்லாமே பிழைத்துவிடாது, அடிபட்ட தாய்க்கூட்டமும் முட்டைக்கு வைத்திருந்த சக்தியைக் காயம் ஆற்றச் செலவழிக்கும். நீச்சல் தெரியாதவர்களுக்கு லைஃப் ஜாக்கெட்டைக் கட்டாயமாக்கினாலே பாதிச் சேதம் நிற்கும். எங்கள் படகில் இருந்ததோ மொத்தம் மூன்று ஜாக்கெட்.

மாஸ்க்கும் மோசம், மகனுடையதில் தண்ணீர் புகுந்துகொண்டே இருந்தது, சிறுவர் அளவும் இல்லை. சொந்தமாக ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். சன்ஸ்கிரீன் பூசுவதற்குப் பதில் முழுக்கைச் சட்டை போடுங்கள், சில சன்ஸ்கிரீன்களிலுள்ள ஒக்சிபென்சோன் என்ற இரசாயனம் முருகைக் குஞ்சுகளைக் கெடுப்பது ஆய்வுகூடத்தில் தெரிந்திருக்கிறது. காலையில் முதல் படகைப் பிடியுங்கள், ஏறுவதற்கு முன் வழிகாட்டி கூட வருவாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த படகைப் பாருங்கள்.