ரெய்டு அட்டையை இயங்குதளமே கவனித்துக்கொண்டால்: ஓபன்பிஎஸ்டியின் பயோசிடிஎல்

பல வன்வட்டுகளை ஒரே தொகுதியாக இணைத்து, பொதுவாக ஒன்று பழுதானாலும் தரவைக் காக்கும் முறைதான் ரெய்டு. அந்த வேலையைத் தானே செய்யும் வன்பொருள் ரெய்டு அட்டையில் ஒரு சங்கடம் உண்டு. அட்டைக்குப் பின்னால் ஐந்தாறு வன்வட்டுகள் இருந்தாலும் இயங்குதளத்தின் கண்ணுக்கு ஒரே வட்டுதான் தெரியும். அவற்றுள் ஒன்று பழுதானாலும் ரெய்டு 5 தொகுதி தொடர்ந்து வேலை செய்வதால், அட்டையின் அலாரம் காதில் விழாத தொலைதூர சர்வர் அறையில் அது யாருக்கும் தெரியாமலே போய்விடலாம். இரண்டாவது வட்டும் பழுதான பிறகு தெரிந்தால் பேக்கப்பைத் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை. இதற்காக அட்டைத் தயாரிப்பாளர்கள் தரும் நிர்வாக மென்பொருள்கள் பெரும்பாலும் மூலநிரல் இல்லாதவை, குறிப்பிட்ட சில இயங்குதளங்களில் மட்டுமே ஓடுபவை. எல்எஸ்ஐ நிறுவன அட்டைகளுக்கான மெகாசிஎல்ஐ என்ற நிர்வாகக் கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கு அதன் கட்டளைகளை மனப்பாடம் செய்ய முடியாது என்பதும், பக்கத்தில் ஒரு குறிப்புத்தாள் இல்லாமல் அதைத் தொடக்கூடாது என்பதும் நன்றாகவே தெரியும்.

ஓபன்பிஎஸ்டி என்ற திறமூல இயங்குதளத்தின் 2005 நவம்பரில் வெளியான 3.8 பதிப்பு, இந்த வேலையைத் தயாரிப்பாளரிடம் விடாமல் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே கொண்டுவந்தது. பயோ என்ற, வன்பொருள் ஏதும் இல்லாத சிறிய போலிச் சாதனத்தில் ரெய்டு அட்டைகளை இயக்கும் நிரல்களான டிரைவர்கள் தங்களைப் பதிவு செய்துகொள்கின்றன. பயோசிடிஎல் என்ற கட்டளை அந்தச் சாதனத்தின் வழியாகக் கேட்பதை, பயோ உரிய டிரைவரிடம் ஒப்படைக்கிறது. எல்எஸ்ஐயின் பழைய மெகாரெய்டு அட்டைகளுக்கான ஆமி டிரைவரில் தொடங்கிய இந்த வசதி, பிறகு அதே வரிசையில் எஸ்ஏஎஸ் என்ற வட்டு இணைப்பு முறையிலான அட்டைகளுக்கும் அரேகா நிறுவன அட்டைகளுக்கும் இயங்குதளத்தின் சொந்த மென்பொருள் ரெய்டுக்கும் விரிந்தது. அட்டை எதுவானாலும் கட்டளை ஒன்றே என்பதுதான் இதன் பெரிய வரவு. தனியாக எதையும் நிறுவ வேண்டியதும் இல்லை.

கட்டளையோடு அட்டையின் பெயரையோ எஸ்டி0 என்பதுபோல் வட்டின் பெயரையோ கொடுத்தால் போதும். முதல் வரியில் தொகுதியின் நிலை, கொள்ளளவு, ரெய்டு வகை ஆகியவையும், அதன்கீழ் வட்டுக்கு ஒரு வரியாக அதன் நிலை, 0:2.0 போன்ற முகவரி, மாதிரிப் பெயர், ஃபர்ம்வேர் எண் ஆகியவையும் வருகின்றன. விரிவாகக் கேட்டால் வரிசை எண்ணும் வரும். மாற்று வட்டு கேட்டு விற்பனையாளருக்கு எழுதும்போது அதுதான் முதலில் தேவைப்படும். பழுதான வட்டின் தரவை மாற்று வட்டில் மீட்டெழுதும் பணி நடந்துகொண்டிருந்தால் எத்தனை விழுக்காடு முடிந்தது என்பதும் தொகுதியின் வரியில் தெரிகிறது. ஒரு திரைக்குள் அடங்கும் இந்த விடைக்காகத் தயாரிப்பாளரின் கருவியில் பல பக்கங்களைப் புரட்டியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அலறும் அலாரத்தை அடக்குவது, உபரி வட்டு ஒன்றை ஹாட் ஸ்பேராக, அதாவது பழுதான வட்டின் இடத்தைத் தானாக ஏற்கும் இருப்பு வட்டாக ஒதுக்குவது, மீட்டெழுதலைத் தொடங்குவது எல்லாம் ஓர் எழுத்துத் தெரிவுகளால் முடிகின்றன. எனக்கு மிகவும் பயன்பட்டது, கொடுத்த முகவரியிலுள்ள வட்டின் விளக்கைச் சிமிட்ட வைக்கும் தெரிவு. பழுதான வட்டைக் கழற்றுவதாக நினைத்து நல்ல வட்டைக் கழற்றிவிடுவதைவிடக் கொடிய தவறு இந்தத் தொழிலில் அதிகம் இல்லை. ஆனால் எஸ்ஏஎஸ்ஸுக்கு முந்தைய ஸ்கஸி இணைப்பு கொண்ட பழைய அமைப்புகளில் வட்டின் வரியில் நோஎன்கிள் என்று வந்தால், வட்டுப் பெட்டியோடு பேச வழியில்லை, விளக்கும் எரியாது என்று பொருள்.

இவற்றையெல்லாம்விட நான் மதிப்பது, தொகுதியின் நிலை ஓர் உணரியாகவும் வெளிப்படுவதை. சிபியு வெப்பநிலை, விசிறி வேகம் ஆகியவை இருக்கும் அதே பட்டியலில் ரெய்டு தொகுதியும் இடம்பெறுகிறது. சென்சார்ஸ்டி என்ற பின்னணி நிரல் அதைக் கண்காணித்து, நிலை மாறியதும் நாம் குறித்துவைத்த கட்டளையை இயக்கும்; மின்னஞ்சல் அனுப்ப ஒரு வரி அமைப்பு போதும். எஸ்ஏஎஸ் அட்டைகளில் தொகுதியின் வரியிலேயே டபிள்யூபி (முதலில் அட்டையின் தற்காலிக நினைவகமான கேஷில் எழுதிப் பிறகு வட்டுக்கு அனுப்புவது), டபிள்யூடி (வட்டில் எழுதி முடித்த பிறகே முடிந்தது என்பது) என்று கேஷ் நடப்பும் காட்டப்படுகிறது. அட்டையின் பேட்டரி தளர்ந்தால் தரவு இழப்பைத் தவிர்ப்பதற்காக அட்டை பொதுவாகத் தானே டபிள்யூடிக்கு மாறிவிடும், எழுதும் வேகம் சரியும். தரவுத்தளம் ஏன் திடீரென்று திணறுகிறது என்ற கேள்விக்கு அந்த இரண்டெழுத்துகளே விடையாக அமைவதுண்டு.

குறைகளும் சிறியவை அல்ல. வன்பொருள் அட்டையில் புதிய தொகுதியை இதனால் உருவாக்க முடியாது. உருவாக்கும் தெரிவு மென்பொருள் ரெய்டுக்கு மட்டுமே உரியது. ஆகவே சர்வரை மறுதொடக்கம் செய்து அட்டையின் பயாஸ் பட்டியலுக்குள் போயே தீரவேண்டும், நிறுத்தவே கூடாத சர்வரில் இது பெரிய தலைவலி. எல்லா டிரைவர்களும் எல்லாத் தெரிவுகளையும் ஏற்பதில்லை: ஹெச்பியின் ஸ்மார்ட் அரே அட்டைகளுக்கான சிஸ் டிரைவரில் ஏறக்குறைய நிலையைப் பார்ப்பதோடு நிற்க வேண்டியிருக்கிறது. அடிக்கடி தொகுதிகளை உருவாக்கி அழிப்பவர்களுக்குத் தயாரிப்பாளரின் கருவியே ஏற்றது.

எந்த அட்டைக்கு எவ்வளவு ஆதரவு என்பது பெரும்பாலும் ஆவணங்கள் கிடைப்பதைப் பொறுத்தது. நிர்வாக இடைமுகத்தின் ஆவணங்களைத் தர அட்டைத் தயாரிப்பாளரான அடாப்டெக் மறுத்ததால், அதன் ஏஏசி டிரைவரை 2005இல் ஓபன்பிஎஸ்டி தன் இயல்பான கெர்னலிலிருந்தே நீக்கியது. அட்டையை வாங்கும் முன் அதன் டிரைவருக்குரிய கையேட்டுப் பக்கத்தையும் பயோவின் கையேட்டுப் பக்கத்திலுள்ள டிரைவர் பட்டியலையும் பார்த்துவிடுவது நல்லது. எல்எஸ்ஐ சில்லு கொண்ட எஸ்ஏஎஸ் அட்டை கிடைத்தால் அதையே எடுங்கள். டெல்லின் பெர்க் அட்டைகளில் பலவும் அந்த வகைதான்.