ஹார்ட் பிளாக் பார்க்க ஒரு டிவைடர்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கடலூரில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். ஈசிஜியில் ஹார்ட் பிளாக் (இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு இறங்கும் மின்துடிப்பு தாமதமாவது அல்லது தடைபடுவது) தேட வருடக்கணக்காக நான் பயன்படுத்துவது, பள்ளிப் பிள்ளைகளின் ஜியோமெட்ரி பாக்ஸில் வரும் அதே டிவைடர்.

தாள் நொடிக்கு 25 மி.மீ. ஓடுகிறது. சின்னக் கட்டம் 0.04 நொடி, பெரிய கட்டம் 0.20 நொடி. பி அலை (மேலறையின் மின்துடிப்பு) தொடங்கும் இடத்திலிருந்து கியூஆர்எஸ் (கீழறையின் மின்துடிப்பு) தொடங்கும் இடம் வரை உள்ள பிஆர் இடைவெளி ஒரு பெரிய கட்டத்தைத் தாண்டினால் முதல் நிலை பிளாக். இதற்குக் கண்ணே போதும்.

இரண்டாம் நிலையில்தான் டிவைடரின் அருமை தெரியும். அந்தப் பிஆர் இடைவெளி துடிப்புக்குத் துடிப்பு நீண்டு, அப்புறம் ஒரு கியூஆர்எஸ் விடுபட்டால் வென்கெபாக். நீளாமலே இருந்து திடீரென விடுபட்டால் மோபிட்ஸ் இரண்டு. முழு பிளாக்காக மாறக்கூடியது என்பதால் உடனே டாக்டரைக் கூப்பிட்டுவிடுவேன். வென்கெபாக்கில் நீட்சி சில சமயம் கண்ணுக்கே பிடிபடாது. விடுபட்ட துடிப்புக்கு முந்தைய பிஆரை டிவைடரில் பிடித்து, அடுத்து வரும் பிஆர் மேல் வையுங்கள். அடுத்தது குறுகியிருந்தால் வென்கெபாக்தான். இரண்டு பி-க்கு ஒரு கியூஆர்எஸ் என்றே ஸ்ட்ரிப் (ஈசிஜி அச்சான தாள் துண்டு) முழுக்க ஓடினால் எந்த வகை என்று பிரிக்க முடியாது. நீளமாக இன்னொரு ஸ்ட்ரிப் எடுங்கள்.

தேவனாம்பட்டினத்திலிருந்து மயங்கி விழுந்த ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். மெஷின் சாதாரண சைனஸ் பிராடிகார்டியா (பிளாக் இல்லாமல் துடிப்பு மெதுவாக ஓடுவது) என்று அச்சடித்தது. பக்கத்துப் பக்கத்தில் தெரிந்த இரண்டு பி அலைகளை அளந்து, அதே அகலத்தில் டிவைடரை நடத்திப் பார்த்தேன். “டாக்டர், டி அலைக்குள்ள ஒரு பி ஒளிஞ்சிருக்கு, பாருங்க” என்றேன். டி அலை என்பது கியூஆர்எஸுக்குப் பின்னால் வரும் மேடு. பி-க்கள் ஒரு சீராக, கியூஆர்எஸ்கள் தனியே இன்னொரு சீராக. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. முழு பிளாக். புதுச்சேரி ஜிப்மருக்கு அனுப்பி பேஸ்மேக்கர் வைத்தார்கள். அச்சடித்த வரியை மட்டும் படித்துவிட்டுத் தாளை மடித்து வைக்காதீர்கள் என்று புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் கெஞ்சுவது இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை: விடுபட்ட துடிப்பின் பி, டிவைடர் முனைக்கு முன்னாலேயே வந்துவிட்டால் அது பிளாக் ஆகாமலும் இருக்கலாம். முந்திக்கொண்டு வந்த ஏட்ரியல் (மேலறை) துடிப்பு கீழே இறங்காமல் நின்றிருக்கும்.

குறைகளும் உண்டு. பண்டில் பிராஞ்ச் பிளாக்கில் (கீழறைகளுக்குப் போகும் வலது அல்லது இடது மின்பாதை தடைபடுவது) கியூஆர்எஸ் 0.12 நொடியைத் தொடுகிறதா என்று அளக்கத்தான் டிவைடர் உதவும். வலதா இடதா என்பதை வி1, வி6 என்ற மார்பு லீடுகளில் வடிவம் பார்த்தே சொல்ல வேண்டும். முனை தாளைக் குத்திவிடும், அதனால் அழுத்தாமல் வையுங்கள். கடல் காற்றில் துருவும் ஏறும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். வாங்கும்போது திருகு இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்த டிவைடர் நடக்க நடக்க அகலம் மாறி, இல்லாத பிளாக்கைக் காட்டும்.