விசிலா, விரலா?

கூடைப்பந்தில் நடுவர் விசில் ஊதியதும் கடிகாரம் நிற்க வேண்டும். நிற்கிறது, ஆனால் அந்தக் கணத்திலேயே அல்ல. களத்தின் கோடியில் எழும் ஒலி, களத்தோரத்தில் நேரக்காப்பாளர் அமர்ந்திருக்கும் மேசையை எட்ட வேண்டும். அவர் அதைக் கேட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். எவ்வளவு தேர்ந்தவரானாலும் இதற்குக் கால் விநாடி பிடிக்கும். இரைச்சல் மிகுந்த அரங்கில் இன்னும் கூடும். ஓர் ஆட்டத்தில் கடிகாரம் 50 முறை நிற்பதாகவும் தடவைக்கு 0.3 விநாடி வீணாவதாகவும் வைத்துக்கொண்டால், 15 விநாடிகள் கரைந்துவிடும். 24 விநாடிகளுக்குள் பந்தை எறிந்தாக வேண்டிய விளையாட்டில் அது பாதித் தாக்குதலுக்கும் அதிகம்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் 'பிரிசிஷன் டைம்' போன்ற விசில்வழிக் கருவி. இதை உருவாக்கிய மைக் கோஸ்டபைல், வட அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவில் நடுவராக இருந்தவர். விசிலுக்கு அருகே ஒரு சிறு ஒலிவாங்கி, இடுப்பில் ஒரு பெட்டி, மேசையில் சைகையைப் பெறும் ஒரு வாங்கி: அவ்வளவுதான். மூன்று நடுவர்களில் எவர் ஊதினாலும் அலைவழிச் சைகை சென்று கடிகாரத்தை நிறுத்திவிடும். நிறுத்துவதைப் பொறுத்தவரை இது விரலை எளிதாக வென்றுவிடுகிறது. இதில் வாதத்துக்கே இடமில்லை.

'தானியங்கி' என்ற சொல்லைத்தான் என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. கடிகாரத்தை மீண்டும் ஓட விடுவதற்கு நடுவர் இடுப்புப் பெட்டியின் பொத்தானை அழுத்த வேண்டும். உள்ளே எறியப்பட்ட பந்தைக் களத்தில் ஓர் ஆட்டக்காரர் தொட்டதும் கடிகாரம் ஓட வேண்டும் என்பது விதி. அந்த நேரத்தில் நடுவர், பந்தை உள்ளே எறிய அனுமதிக்கப்படும் ஐந்து விநாடிகளைக் கையசைத்து எண்ணிக்கொண்டிருப்பார், தள்ளுமுள்ளையும் கவனிப்பார். வேறு வேலையின்றிப் பந்தையே பார்த்து உட்கார்ந்திருக்கும் மேசைக்காரரின் விரல் இங்கே நம்பகமானது. கடிகாரத்தை ஓட விடுவதில் நேரும் சிறு பிழை எவ்வளவு பெரிதாகும் என்பதை 1990 ஜனவரியில் நியூயார்க் பார்த்தது. 0.1 விநாடி மீதமிருக்கையில் நியூயார்க் நிக்ஸ் அணியின் டிரென்ட் டக்கர் பந்தை வாங்கித் திரும்பி எறிந்து மூன்று புள்ளி எடுத்தார். நிக்ஸ் 109-106 என வென்றது. பந்தைப் பிடித்து எறியக் குறைந்தது 0.3 விநாடி இருக்க வேண்டும் என்ற என்பிஏ விதி அதன் பின்னர்தான் வந்தது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி நான்காம் கால்பகுதியின் கடைசி 2 நிமிடங்களிலும் கூடுதல் நேரத்தின் கடைசி 2 நிமிடங்களிலும் கூடை விழுந்தாலே கடிகாரம் நிற்க வேண்டும். அப்போது விசில் ஒலிக்காது. ஆட்டம் கொதிக்கும் நேரத்தில் கருவி ஊமையாகிவிட, பழைய விரல்தான் காப்பாற்றுகிறது.

அப்படியானால் காணொளி மறுபார்வையே போதாதா என்று சிலர் கேட்பார்கள். 2016 பிப்ரவரியில் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆட்டமொன்றில் கொலராடோ ஸ்டேட் அணிக்கு எதிராக, முதல் கூடுதல் நேரத்தில் 0.8 விநாடி இருக்கையில் பாய்சி ஸ்டேட்டின் ஜேம்ஸ் வெப் எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. நடுவர்கள் மறுபார்வைத் திரையில் ஓடிய கடிகாரத்தை நம்பி அதை ரத்துசெய்தனர். அந்தத் திரைக் கடிகாரம் உண்மையான நேரத்துக்கு ஒத்து ஓடவில்லை என்பது பிறகே தெரியவந்தது. தவறைத் திருத்த வந்த கருவியே தவறியது.

என்னைக் கேட்டால், பணமுள்ள தொழில்முறை அரங்குகள் விசிலிடம் நிறுத்தத்தை ஒப்படைக்கட்டும். ஆனால் மேசைக்காரரை எழுப்பிவிட வேண்டாம். நடுவர், மேசைக்காரர் இருவரில் முந்தியவர் கடிகாரத்தை ஓட விடட்டும். சிறிய சங்கங்கள் கருவிக்குச் செலவிடுவதற்கு முன், பந்திலிருந்து கண்ணெடுக்காத ஒரு நேரக்காப்பாளரைத் தேடிப் பழக்குவதே மேல். பாய்சியின் கதையோ அப்படியே முடிந்துவிட்டது: பிழை ஒப்புக்கொள்ளப்பட்டும் முடிவு மாறவில்லை. பதிவேட்டில் கொலராடோ ஸ்டேட் 97-93.