எண்ணிக்கையா, வியப்பா, முன்னேற்றமா? இயந்திரத்துக்கு ஆர்வம் ஊட்டும் வழிகள்

2015-ல் கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டின் ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் வெளியிட்ட டி.க்யூ.என்., கிடைக்கும் புள்ளியையே பரிசாகக் கொண்டு தானாகக் கற்கும் நிரல், 49 பழைய அட்டாரி வீடியோ விளையாட்டுகளைத் திரையைப் பார்த்தே கற்றுக்கொண்டது. பிரேக்அவுட்டில் மனிதரை வெகுதூரம் தாண்டிவிட்டது. மான்டெசூமாஸ் ரிவெஞ்ச் விளையாட்டிலோ பூஜ்யம். காரணம் எளிது. ஏணியில் இறங்கி, கயிற்றைத் தாவிப் பிடித்து, உருளும் மண்டையோட்டைத் தாண்டி, மறுபடி ஏணி ஏறிச் சாவியை எடுத்தால்தான் முதல் 100 புள்ளி. அதுவரை சரியா தவறா என்று சொல்ல எதுவுமே இல்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

இதற்கு மருந்தாக வந்ததுதான் உள்ளூக்கம்: வெளியே கிடைக்கும் புள்ளியோடு ஏஜென்ட் (விளையாடும் நிரல்) தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் ஒரு பரிசு. உணவு எதுவும் கொடுக்காமலே குரங்குகள் இயந்திரப் புதிர்களைத் திரும்பத் திரும்பக் கழற்றிப் பார்த்ததை ஹாரி ஹார்லோ 1950-லேயே எழுதியிருக்கிறார். அந்த ஆவலைக் கணக்காக மாற்றும்போது, பரிசை எதற்குக் கொடுப்பது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

முதல் வழி எண்ணிக்கை. போகாத இடத்துக்குப் போனால் அதிகப் பரிசு, போய்ப் பழகிய இடத்துக்குக் குறைவு. சதுரங்கப் பலகை போல இடங்கள் சிலவே உள்ள சின்ன உலகங்களில் இது அருமையாக வேலை செய்யும். அட்டாரி திரையிலோ அதே படம் அச்சு அசலாகத் திரும்ப வருவது அரிது, எதை எண்ணுவது? மார்க் பெல்மேரும் சகாக்களும் 2016-ல் இதற்கு வழி கண்டார்கள். இந்தத் திரை எவ்வளவு பழக்கமானது என்பதை ஒரு நிகழ்தகவு மாதிரியைக் கொண்டு மதிப்பிட்டு, அதிலிருந்து ஒரு போலி எண்ணிக்கையை எடுத்தார்கள். மான்டெசூமாவின் முதல் கட்டத்தில் உள்ள 24 அறைகளில் 15-ஐ அவர்களின் ஏஜென்ட் எட்டியது.

இரண்டாவது வழி வியப்பு. அடுத்து என்ன நடக்கும் என்று ஏஜென்ட் கணிக்கிறது. கணிப்பு எவ்வளவு தப்புகிறதோ அவ்வளவு பரிசு. பெர்க்லியில் தீபக் பதக்கும் சகாக்களும் 2017-ல் செய்த வடிவம் இதில் பெயர்பெற்றது. திரையின் ஒவ்வொரு பிக்சலையும் கணிக்கவைத்தால் காற்றில் ஆடும் இலைகூட வியப்பாகிவிடும். அதனால், இரண்டு காட்சிகளுக்கு நடுவே என்ன செய்கை நடந்தது என்று ஊகிக்கத் தேவையான அம்சங்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். விளையாட்டுப் புள்ளி எதுவும் தராமலே மரியோ விளையாட்டின் முதல் கட்டத்தில் 30 சதவீதத்துக்கு மேல் ஏஜென்ட் கடந்தது. படித்தபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

அப்புறம் வந்தது டிவி. 2018-ல் யூரி பர்டா, பதக் உள்ளிட்டோர் இதே வியப்பை 54 சூழல்களில் சோதித்தார்கள். ஒரு புதிர்ப்பாதையின் சுவரில் டிவி மாட்டி, சேனலை மாற்றும் செய்கையையும் ஏஜென்ட்டின் கையில் கொடுத்தார்கள். அடுத்து எந்தப் படம் வரும் என்று கணிக்கவே முடியாது என்பதால் பரிசு வற்றுவதே இல்லை. கற்றல் வெகுவாகத் தடைபட்டது. பதக்கின் வடிகட்டலும் இங்கே உதவாது. இலை தானாக ஆடுகிறது, சேனலை மாற்றுவதோ ஏஜென்ட்டின் சொந்தச் செய்கை. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த சோதனை இதுதான். வியப்பதும் கற்பதும் ஒன்றல்ல என்று பட்டவர்த்தனமாகக் காட்டிவிட்டது.

அதே ஆண்டு ஓபன்ஏஐ-யில் பர்டா குழு ஆர்.என்.டி. (ரேண்டம் நெட்வொர்க் டிஸ்டிலேஷன்) முறையைக் கொண்டுவந்தது. உள்ளே தாறுமாறான எண்களை வைத்து, மாறாதபடி உறைய வைத்த ஒரு நியூரல் நெட்வொர்க், அதன் வெளியீட்டைப் பார்த்து நகலெடுக்கப் பழகும் இன்னொன்று. நகல் தப்பினால் இடம் புதிது என்று பொருள். எதிர்காலத்தைக் கணிக்கும் வேலையே இல்லாததால் டிவியின் பிடி தளர்கிறது. ஆனால் இதுவரை பாராத படங்களே வந்துகொண்டிருந்தால் ஆர்.என்.டி.யும் அங்கேயே நிற்கக்கூடும். மான்டெசூமாவில் சராசரி மனிதரின் மதிப்பெண் ஏறத்தாழ 4,700. இது 8,000-ஐத் தாண்டியது. நிரல் எழுதவும் சுலபம்.

மூன்றாவது வழி வயதில் மூத்தது. யூர்கன் ஷ்மிட்ஹூபர் 1991-லேயே சொன்னது: தப்புக்குப் பரிசு தராதே, தப்பு குறைவதற்குத் தா. இந்த முறையில் டிவி தானாகவே சலித்துவிடும், ஏனென்றால் அதன் முன் எவ்வளவு நேரம் நின்றாலும் கணிப்பு மேம்படாது. முழுதாகத் தெரிந்ததும் சலிக்கும். கொஞ்சம் முயன்றால் பிடிபடும் விஷயத்தில்தான் ஆவல் நிற்கும். பியர்-ஈவ் ஊடே, ஃப்ரெடெரிக் கப்லான் உள்ளிட்டோர் 2007-ல் வெளியிட்ட சோதனையில், ஒரு சோனி ஐபோ ரோபோ நாயைக் குழந்தைகளின் விளையாட்டு விரிப்பில் விட்டார்கள். எதைக் கடிக்கலாம், எதைத் தட்டலாம் என்று யாரும் வரிசை போட்டுக் கொடுக்கவில்லை. எளிதிலிருந்து கடினத்துக்கு அதுவாகவே நகர்ந்தது.

அட்டாரி மதிப்பெண் பட்டியல்களின் உச்சியில் இந்த முறை ஏன் இல்லை? முன்னேற்றத்தை அளப்பது கடினம். எந்தப் பகுதியில் முன்னேற்றம் என்று கேட்டால், உலகத்தைப் பகுதிகளாகப் பிரித்திருக்க வேண்டும். எண்ணற்ற விதமான படங்கள் வரும் திரையில் அந்தப் பிரிப்பே ஒரு தனி ஆராய்ச்சி.

பரிசு அரிதான விளையாட்டு ஒன்றை இந்த மாதம் ஜெயிக்க வேண்டுமா, சரி, ஆர்.என்.டி. போதும். பரிசு அடிக்கடி கிடைக்கும் விளையாட்டு என்றால் எதுவும் வேண்டாம்; அவ்வப்போது கண்டபடி ஒரு செய்கையைச் செய்யும் பழைய முறையே பெரும்பாலும் ஈடுகொடுக்கும். ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்யப்போகிறவருக்கு, கடினமாக இருந்தாலும் முன்னேற்றத்தைத்தான் சொல்வேன். எந்த வழியில் இறங்கினாலும், மான்டெசூமா மதிப்பெண்ணோடு நிறுத்தாமல், உங்கள் சூழலின் சுவரிலும் ஒரு டிவியை மாட்டி, ஏஜென்ட் அதன் முன் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளந்துபாருங்கள்.