வாஷிங் மெஷினில் தண்ணீர் சூடாகவில்லையா? "போர்டு போயிடுச்சு" என்பவரிடம் ஜாக்கிரதை

சென்னையில் மேடவாக்கம், பெரும்பாக்கம், பள்ளிக்கரணை பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். ஃப்ரன்ட் லோடு வாஷிங் மெஷினில் தண்ணீர் சூடாகவில்லை என்று ஆளைக் கூப்பிட்டால், ஹீட்டர் இருக்கும் பக்கம்கூடத் திரும்பாமல் "போர்டு போயிடுச்சு சார்" என்று, அதாவது மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் பலகை கெட்டுவிட்டது என்று சொல்லி 8,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போகிற ஒருவர் இந்தப் பகுதியில் சுற்றுகிறார். எங்கள் வீட்டில் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கைக்குழந்தை இருக்கும் வீடு. குழந்தைத் துணியை மட்டும் 60 டிகிரி காட்டன் புரோகிராமில் போடுவோம். கொஞ்ச நாளாகவே துவைத்த துணியில் பால் வாடை போகவில்லை. மெஷின் ஓடும்போது கதவுக் கண்ணாடியைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. அப்புறம் ஒரு நாள் பாதியிலேயே நின்று திரையில் எரர் கோடு வந்தது. சூடாக்குவதில் கோளாறு, சர்வீஸை அழைக்கவும் என்று மேனுவலில் போட்டிருந்தது.

வாரண்டி முடிந்த மெஷின். மோட்டாருக்குப் பத்து வருடம் என்று கதவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஹீட்டருக்குப் பொருந்தாது. பிராண்டின் பெயரோடு சர்வீஸ் சென்டர் என்று இணையத்தில் தேடினோம். முதலில் வந்த எண்ணை அழைத்தோம். எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி: "எந்த கம்பெனி மெஷின் சார்?" ஒரு கம்பெனியின் சொந்த சர்வீஸ் எண்ணில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. எந்த பிராண்டைத் தேடினாலும் ஒரே ஆளிடம் போய் விழுகிற எண்கள் இவை.

வந்தவர் நல்ல பேச்சுக்காரர். பட்டன்களைத் தட்டினார், மேல் மூடியைக் கழற்றினார், கன்ட்ரோல் போர்டை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். "வோல்டேஜ் ஏறி இறங்குதுல்ல, அதான் மேடம், போர்டு ஷார்ட் ஆயிடுச்சு" என்றார். பையில், மின் பாகங்களை அளந்து பார்க்கும் மல்டிமீட்டர் இருந்தது. அது பையிலேயே இருந்தது. புதுப் போர்டு 14,000 ஆகும், பழையதைக் கொடுத்தால் எக்ஸ்சேஞ்சில் 8,500 என்று கணக்கு சொன்னார். இந்த எக்ஸ்சேஞ்ச்தான் சூட்சுமமே. பழைய போர்டு அவரோடு போய்விடும், எதை மாற்றினார் என்று கேட்க நம் கையில் ஒன்றும் இருக்காது. நல்ல வேளையாக, அவர் போனில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் மேசையில் கிடந்த போர்டை, அதன் சீரியல் நம்பர் ஸ்டிக்கரோடு சேர்த்து, என் மனைவி படம் எடுத்து வைத்திருந்தார்.

சில நாள் கழித்துப் "புதுப் போர்டு" வந்தது. மாட்டிவிட்டு, சரியாகிவிட்டது என்று காட்ட ஒரு புரோகிராம் ஓட்டினார். 15 நிமிடக் குயிக் வாஷ். எரர் எதுவும் வராமல் ஓடி முடிந்தது. பணத்தை யாரோ ஒரு தனி ஆளின் யுபிஐ கணக்குக்குப் போடச் சொன்னார். ஜிஎஸ்டி எண் இல்லாத ஒரு துண்டு ரசீது கொடுத்தார். கிளம்பிவிட்டார்.

எங்கள் மெஷினில் குயிக் வாஷ் பச்சைத் தண்ணீரிலேயே ஓடும். ஹீட்டருக்கு அங்கே வேலையே கிடையாது. வேலை இல்லாதபோது கோளாறு எப்படித் தெரியும்? மறுபடி 60 டிகிரி போட்டதும் அதே கோடு. போன் செய்தால் "டெக்னீஷியன் வருவார் சார்" என்றார்கள். அப்புறம், மோட்டார் வீக்காக இருக்கிறது, அதற்குத் தனியாக 6,000 ஆகும் என்றார்கள். அதற்கும் அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

கடைசியில் பள்ளிக்கரணையில் சின்னதாகக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரை அழைத்து வந்தோம். பிளக்கைப் பிடுங்கினார், பின்பக்கத் தகட்டைக் கழற்றினார், டிரம்முக்கு அடியில் இருக்கும் ஹீட்டரின் ஒயர்களை உருவிவிட்டு இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை வைத்தார். 2000 வாட் ஹீட்டர் என்றால் நம் ஊர் 230 வோல்ட்டுக்கு ஏறக்குறைய 26 ஓம் மின்தடை காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை. உள்ளே கம்பி அறுந்திருக்கிறது என்று பொருள். "ஹீட்டர்தான் போச்சு தம்பி. போர்டுல கை வெச்சவன் இதை அளந்து பாத்தானா?" என்றார்.

வெளியே எடுத்த ஹீட்டரில் கம்பியே தெரியவில்லை. இட்லிப் பானையின் அடியில் படியுமே, அந்த மாதிரி வெள்ளைப் பொருக்கு கெட்டியாக அப்பியிருந்தது. எங்கள் அடுக்ககத்தில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும்தான். கடினநீரைச் சூடாக்கும்போது அதிலிருக்கும் கால்சியம் பிரிந்து சூடான இடத்திலேயே படியும். படிவு தடிக்கத் தடிக்கச் சூடு தண்ணீருக்குப் போகாமல் ஹீட்டருக்குள்ளேயே தங்கிவிடும். அப்படித்தான் எரிந்துபோகிறது. மெஷினில் டிரம் கிளீன் இருக்கிறதே என்று நினைத்தோம். படிவு நீக்கும் பவுடர் போடாமல் ஓட்டினால் அது இந்தப் பொருக்கை ஒன்றும் செய்வதில்லை என்றார்.

ஹீட்டர், கூலி எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய். போர்டையும் பார்த்துவிடலாம் என்று மூடியைத் திறந்தோம். சீரியல் நம்பர் மனைவி எடுத்த படத்தில் இருந்ததேதான். எங்கள் போர்டையே எடுத்துப் போய், துடைத்துத் திரும்ப மாட்டிவிட்டு 8,500 வாங்கியிருக்கிறார்.

போர்டு பழுதாகவே ஆகாது என்று சொல்லவில்லை. ஹீட்டருக்கு மின்சாரம் விடும் ரிலே அதில்தான் இருக்கிறது, அதுவும் போகும். தண்ணீரின் சூட்டை அளக்கும் தெர்மிஸ்டர் சென்சார் கெட்டாலும் தண்ணீர் சூடாகாமல் போகலாம். ஆனால் இதையெல்லாம் அளந்துதான் சொல்ல முடியும். முதலில் ஹீட்டர், அடுத்து சென்சார், இரண்டும் சரி என்றால்தான் போர்டு. சென்சாரைப் பார்ப்பதும் எளிது, வெந்நீரில் வைத்தால் அதன் ஓம் அளவு இறங்க வேண்டும். உங்கள் கண் முன்னால் அளந்து காட்டாதவரிடம் போர்டைக் கழற்ற விடாதீர்கள்.

ஆள் வருவதற்கு முன்னால் நீங்களே ஒன்று பார்க்கலாம், எதையும் கழற்ற வேண்டாம். ஏசி, கீசர், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு 60 டிகிரி காட்டன் போட்டு, ஈபி மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். ஹீட்டர் வேலை செய்தால், தண்ணீர் பிடித்துச் சிறிது நேரத்தில் அது படபடவென்று மினுக்க ஆரம்பிக்கும். 12 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 2000 வாட் ஹீட்டருக்கு ஏறக்குறைய கால் மணி நேரம் வேண்டும், அதனால் பார்க்க நேரம் இருக்கிறது. கடைசிவரை நிதானமாகவே மினுக்கினால் ஹீட்டருக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது ஹீட்டர் அறுந்துவிட்டது. சூடாக்கும் நேரத்தில் வீட்டின் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுகிறது என்றால் ஹீட்டரில் கசிவு இருக்க வாய்ப்பு அதிகம், மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காமல் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பல டாப் லோடு மெஷின்களில் ஹீட்டரே கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாமியார் வீட்டில் அப்படிப்பட்ட ஒரு மெஷினுக்கு "ஹீட்டர் ரிப்பேர்" பார்க்க ஒருவர் தயாராக இருந்தார்!

சர்வீஸ் எண்ணை மேனுவலிலிருந்தோ கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்தோ எடுங்கள். புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வருகிறதா என்று பாருங்கள். பதிவுக் கட்டணம் பத்து ரூபாய் என்று லிங்க் அனுப்பினால் தொடாதீர்கள். அதில் பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழையுங்கள். பார்ட் மாற்றினால் பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்கள், "எக்ஸ்சேஞ்ச்" என்று சொன்னால் அந்த வேலையே வேண்டாம். மாற்றியதும் குயிக் வாஷில் அல்ல, 60 டிகிரியில் ஓட்டி, கண்ணாடி சுடுகிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். ரசீது, யுபிஐ விவரம், போர்டின் இரண்டு படங்கள் எல்லாம் கொடுத்தாயிற்று. ரசீதில் இருந்த முகவரியில் அப்படி ஒரு கடை இல்லை, அதுதான் இழுக்கிறது. இதே ஆளிடம் மாட்டிய இன்னும் இரண்டு மூன்று பேர் புகார் கொடுத்தால் நன்றாக இருக்கும். உங்களிடம் அந்தத் துண்டு ரசீது இருந்தால் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள், என் புகார் எண்ணைத் தருகிறேன்.