உலகச் சமயங்கள்: உயர்நிலைப் பள்ளிக்கான இணையவழிப் பாடத்தொகுப்பு – ஒரு மதிப்பீடு

சமயங்களின் கோட்பாடுகளை ஒப்பிக்க வைப்பதோடு நின்றுவிடாமல், அவை சட்டத்திலும் கல்வியிலும் வணிகத்திலும் பதித்த தடங்களைத் தேடிச் செல்வதுதான் இப்பாடத்தொகுப்பின் பலம்.

பௌத்தப் பகுதி மிகச் சிறப்பாக அமைந்துள்ளது. கி.பி. 868-இல் சீனாவில் அச்சான வைர சூத்திரம் என்னும் பௌத்த நூலின் சுருளைப் பெரிதாக்கிக் காட்டி, பெற்றோரின் பொருட்டு இலவசமாக வழங்குவதற்காக அது அச்சிடப்பட்டது என்னும் இறுதிக் குறிப்பிலிருந்து, நூலைப் படியெடுத்துப் பரப்புவது புண்ணியம் என்ற நம்பிக்கை அச்சுக்கலையை எவ்வாறு ஊக்குவித்தது என விளக்குகிறார்கள். அடுத்த பாடத்திலேயே, 1517-இல் மார்ட்டின் லூதர் தொடங்கிய கிறித்தவச் சமயச் சீர்திருத்தத்துக்கு அச்சு இயந்திரம் தோள்கொடுத்த கதை வருகிறது. இந்த இணைப்பைப் பாடநூல்களில் காண்பது அரிது.

இஸ்லாமிய வக்ஃபு அறக்கட்டளைகள் மருத்துவமனைகளையும் கல்விக்கூடங்களையும் நடத்திய வரலாறும் தெளிவாகவே உள்ளது. ஆனால் சமணமும் சீக்கியமும் ஒரே பாடத்துக்குள் அடைக்கப்பட்டிருக்கின்றன. சாதி பாராமல் அனைவரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் சீக்கியரின் லங்கர் மரபு, சமூகத் தாக்கத்துக்கு இதைவிட நல்ல சான்று ஏது என்று கேட்கத்தக்கது, ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது. பழங்குடிச் சமயங்களுக்கோ அதுவும் இல்லை.

தேர்வு வினாக்கள் ஏமாற்றமளிக்கின்றன. தோற்றுவித்தவர் யார், புனித நூல் எது என்பவற்றையே திரும்பத் திரும்பக் கேட்பதால், பாடம் தூண்டிய சிந்தனை மதிப்பெண்ணில் இடம்பெறுவதில்லை. இதை வாங்கும் ஆசிரியர்கள் கட்டுரை வினாக்களைத் தாமே தயாரித்துக்கொள்வது நல்லது.