ஒரு கிரவுண்டு மனை: லைன் வீடா, லேடீஸ் ஹாஸ்டலா, கீழே கடை மேலே வீடா?

சென்னைக்குப் பக்கத்தில், தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடம் பக்கம் என் மச்சானுக்கு ஒரு கிரவுண்டு மனை இருக்கிறது. 2,400 சதுர அடி, முன்னால் தார் ரோடு, பின்னால் ஒரு பாட்டி வீட்டுக் கிணறு. வேலிக்காத்தான் மண்டிக் கிடந்த இடத்தைக் காட்டி, "வாடகை வர்ற மாதிரி ஏதாவது கட்டிடலாம் மாப்ள" என்று போன தீபாவளிக்கு ஆரம்பித்தவர் இன்னும் ஓயவில்லை. கூடவே ஒரு நிபந்தனையும் வைத்திருந்தார்: தெருக்காரர்கள் தன்னைத் திட்டக்கூடாது, அவருடைய அப்பா பிறந்த தெருவாம். பேசிப் பேசி மூன்று வழிகள் மிஞ்சின. கல்யாண மண்டபம் கட்டலாம் என்று ஒரு மாமா சொன்னார், கார்கள் எங்கே நிற்கும் என்று கேட்டதும் காபி குடிக்க எழுந்து போய்விட்டார்.

மூன்றுக்கும் ஒரே அளவு கட்டடம் என்று வைத்துக்கொண்டோம். கீழும் மேலும் சேர்த்து 3,000 சதுர அடி, சதுர அடிக்கு 2,400 ரூபாய், மொத்தம் 72 லட்சம். வாடகை எல்லாம் அந்தத் தெருவில் விசாரித்துப் போட்ட தோராயக் கணக்கு, உங்கள் ஊரில் மாறும்.

முதலில் லைன் வீடு. ஆறு போர்ஷன், ஒன்றுக்கு 5,500 என்றால் மாதம் 33,000 ரூபாய். தலைவலி குறைவு, ஆள் காலி செய்தால் ஒரு வாரத்தில் அடுத்த ஆள் வந்துவிடுவார். முழுக்கக் குடியிருப்பு என்பதால் அனுமதியும் சுலபம். 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்றுத் திட்டத்தில் (விதிப்படிதான் கட்டுகிறோம் என்று நாமே சான்று கொடுப்பது) 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும் என்றால் ஆன்லைனிலேயே விண்ணப்பித்து உடனே வாங்கிவிடலாம், அளவில் நம் மனை அதற்குள் அடங்குகிறது, ஆறு போர்ஷனுக்கும் பொருந்துமா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிற லைன் வீடுகளைப் போய்ப் பார்த்தோம். நாலு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ், வாசலில் வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள், ஒரே ஈ.பி. மீட்டரிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் சப் மீட்டர். யூனிட்டுக்கு பத்து ரூபாய் வசூலிக்கிறார்களாம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசு இலவசமாகத் தருகிறது, சிக்கனமாக இருக்கிற குடும்பத்துக்கு பில்லே வராது, இங்கே அதே குடும்பம் ஆயிரம் ரூபாய் கட்டுகிறது. ஓனர் கெட்டவர் என்றுகூடச் சொல்ல முடியாது, ஆறு மீட்டர் வாங்கச் சோம்பல்பட்டிருக்கிறார், அவ்வளவுதான். போர்ஷனுக்குத் தனி சமையலறை, தனி கக்கூஸ், தனி மீட்டர் என்று கட்டினால் லைன் வீடு நல்ல வீடுதான். கட்டுகிறவர்கள்தான் குறைவு.

செப்டிக் டேங்க் விஷயத்தில் பாட்டி எங்களைப் பிடித்துக்கொண்டார். "ஆறு குடும்பம் வருதுன்னா குழி எங்க தோண்டுவ? என் கிணத்துப் பக்கம் வேணாம் தம்பி" என்றார். நியாயம். டேங்க்கை ரோட்டுப் பக்கம் தள்ளி, அடியிலும் கான்கிரீட் போட்டு, லாரி வந்து உறிஞ்ச வழி விட வேண்டும் என்று அன்றே பிளானில் எழுதிவிட்டோம். மூன்றில் எதைக் கட்டினாலும் அது மாறாது.

அடுத்தது லேடீஸ் ஹாஸ்டல். மச்சானின் மனசு இங்கேதான். பன்னிரண்டு அறை, அறைக்கு மூன்று கட்டில், 36 பேர், சாப்பாட்டோடு ஆளுக்கு 5,500 என்றால் மாதம் 1,98,000 என்று கால்குலேட்டரைக் காட்டினார். கண் பளபளத்தது. சரி, செலவைப் போடுவோம் என்றேன். சாப்பாட்டுக்கு ஆளுக்கு 2,500 வீதம் 90,000. வார்டன், சமையல்காரம்மா, வாட்ச்மேன், லாரித் தண்ணீர், கரண்ட் எல்லாம் 55,000. மிச்சம் 53,000. இது 36 கட்டிலும் நிரம்பினால். பன்னிரண்டு கட்டில் காலியானால் வரவு 1,32,000, சாப்பாடு 60,000, மற்ற செலவு பெரிதாகக் குறையாது, 50,000 என்று வைத்தாலும் கையில் நிற்பது 22,000. லைன் வீட்டை விட மோசம்.

கட்டில் காலியாகுமா? ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது, 2019-இல் செல்போன் சார்ஜர் செய்யும் சால்காம்ப் கம்பெனி வாங்கும்வரை அந்த இடம் சும்மா கிடந்தது. மறைமலைநகரில் ஃபோர்டு 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. ஒரே கம்பெனியின் ஆட்களை நம்பிக் கட்டினால் அந்தக் கம்பெனியின் தலையெழுத்துதான் நமக்கும். இன்னொன்று, பக்கத்து வல்லம் வடகாலில் அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் 18,720 பெண்கள் தங்குகிற விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்துவிட்டது. அதோடு 36 கட்டில் போட்டி போட முடியாது.

பொறுப்பும் பெரிசு. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், சக தொழிலாளிகள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள், ஆலையே சில வாரம் நின்றது. பெண்கள் விடுதி நடத்த 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டரிடம் உரிமம் வாங்க வேண்டும். அந்த வருமானத்தை வியாபார வருமானமாகத்தான் காட்ட வேண்டியிருக்கும், வீட்டு வாடகைக்குக் கிடைக்கிற 30 சதவீதக் கழிவு கிடைக்காது. மச்சான் இருப்பது தாம்பரத்தில். இரவு பதினொரு மணிக்கு ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் யார் போவது? அந்தத் தெருவிலேயே குடியிருக்கிற அம்மா ஒருவர் நடத்தினால் ஹாஸ்டல் அருமையான தொழில், சமையலுக்கும் சுத்தத்துக்கும் உள்ளூர்ப் பெண்கள் நாலைந்து பேருக்கு வேலையும் கிடைக்கும். தூரத்திலிருந்து போனில் நடத்துகிறவருக்கு வேண்டாம்.

மூன்றாவது, கீழே கடை மேலே வீடு. முன்பக்கம் இரண்டு ஷட்டர், தலா 10,000. பின்னால் ஒரு சின்ன வீடு 6,000. மாடியில் இரண்டு வீடு, தலா 7,500. மொத்தம் 41,000. கணக்கில் ஹாஸ்டல் நிரம்பிய மாதத்தை இது தொடாது. ஆனால் ஒரு கடை மூன்று மாதம் பூட்டிக் கிடந்தாலும் 31,000 வந்துகொண்டிருக்கும். கடை கலந்தால் சுயசான்று வழி கிடையாது, சாதாரண அனுமதிதான், அலைச்சல் கூடும். கடைக்கு மின் கட்டணமும் வேறு. கடைக்காரர் ஜிஎஸ்டியில் சாதாரணப் பதிவு வைத்திருந்து நமக்குப் பதிவு இல்லையென்றால், 2024 அக்டோபரிலிருந்து வாடகைக்கான வரியை அவர்தான் கட்ட வேண்டும், அதையும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

எனக்கு இதில் பிடித்தது வேறு. சாயங்காலம் ஷிப்ட் பஸ் வந்து நிற்கும்போது அந்த முனையில் நின்று பார்த்தோம். நாற்பது பேர் இறங்கினார்கள், இருந்தது ஒரு டீக்கடை, ஒரு செல்போன் ரீசார்ஜ் கடை. ஒரு பெண் பாரசிட்டமால் கேட்டு டீக்கடைக்காரரிடம் வாங்கிக்கொண்டு போனாள், பட்டையாகக்கூட இல்லை, கத்தரித்த இரண்டு மாத்திரை. மெடிக்கல் ஷாப் மூன்று கிலோமீட்டர் தள்ளி. இதைப் பார்த்த பிறகு எந்த ஷட்டருக்கு யாரைத் தேடுவது என்று பேச வேண்டிய தேவையே இருக்கவில்லை. மேலே குடும்பங்கள் இருந்தால் பிள்ளைகள் பக்கத்து ஊராட்சிப் பள்ளிக்குப் போவார்கள், மளிகை அந்தத் தெருவிலேயே வாங்குவார்கள், பூட்டிய வீட்டு இருட்டு தெருவில் இருக்காது.

வாடகைக்கு விடும்போது அட்வான்ஸ் பத்து மாதம் கேட்கிற சென்னைப் பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம் என்றும் சொன்னேன். 2017 வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்றுதான் சொல்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால்தான் வேறு. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வதும் அதே சட்டத்தில் உண்டு. மச்சான் இதற்கு மட்டும் முகம் சுளித்தார், ஐந்து மாதத்தில் வந்து நிற்கிறார்.

ஹாஸ்டல் ஆசை இன்னும் முழுசாகப் போகவில்லை. இருந்தாலும் நேற்று இரவு பத்தரைக்கு போன் பண்ணி, மெடிக்கல் ஷாப் ஷட்டருக்கு எட்டடி அகலம் போதுமா, பத்தடி வைக்கணுமா என்று கேட்டார்.